பனிக்கட்டி மிதக்கத் தொடங்கிய மார்கழி

மீனும் நண்டும் தண்ணீரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையின் உச்சியில் பெருஞ்சுனை என்று ஒரு நீர்நிலை இருந்தது. இன்று அந்த மலையில் அடிக்கும் குளிரை வைத்து அன்றைய குளிரை நினைத்துப் பார்க்க முடியாது. அப்போதெல்லாம் மார்கழி பிறந்தால் புல்லின் நுனி கண்ணாடி போல ஒடியும். பறவைகள் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டுதான் பாறையில் உட்காரும்.

அந்தச் சுனையில் நீர்க்குடியினர் வாழ்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னஞ்சிறு மக்கள். ஆனால் எண்ணிக்கையில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகள், இரண்டு தோள்கள். ஒருவர் தன் கைகளால் இரண்டு பேருடைய தோளைப் பிடித்துக்கொள்வார். அவர் தோள்களை வேறு இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். வெயில் நாட்களில் யாரும் ஒரே தோளை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. விட்டுவிட்டு அடுத்த தோளுக்குத் தாவுவார்கள். அதனால்தான் சுனை ஓர் இடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது. அடியோடு கையை விடுவது மட்டும் ஆபத்து. விட்டவரை வெயில் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மார்கழி வந்தால் வடக்கிலிருந்து வாடை வருவாள். அவள் கெட்டவள் இல்லை. வருடம் முழுக்கக் குளிரிலேயே நடப்பவள் என்பதால், யாரைக் கண்டாலும் கொஞ்சம் சூடு கேட்பாள். கொடுத்தாலும் எடுத்துக்கொள்வாள், கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வாள். அவள் சுனையின் மேலே வந்து நின்றதும் மேல்தளத்தில் இருக்கும் நீர்க்குடியினருக்கு நடுக்கம் எடுக்கும். தாவுவதை நிறுத்திவிட்டு, பிடித்த தோளை இறுகப் பிடித்து, கைகளை மடக்கி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நெருக்கியடித்துக்கொள்வார்கள். அப்படி நெருங்கினால் கனம் கூடும். கூடிய கனத்தில் அந்தக் கட்டி நேராகச் சுனையின் அடிக்குப் போய்ச் சேரும். போகும் வழியிலேயே எல்லோரும் தூங்கிவிடுவார்கள். மேலே வந்த அடுத்த வரிசைக்கும் அதே கதிதான். இப்படி நாற்பது நாளில் சுனை அடியிலிருந்து மேல்வரை ஒரே வெள்ளைக் கட்டியாகிவிடும். மாசி வெயிலில் விழித்துப் பார்த்தால் சுனையில் ஒரு மீன்கூட இருக்காது.

மீன்கள் குளிருக்குப் பயந்து கீழ்நாட்டுக்குப் போய்விட்டன என்று நீர்க்குடியினர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மழையில் ஓடை பெருகும்போது எங்கிருந்தோ புது மீன்கள் ஏறி வரும். போனவர்களின் பிள்ளைகளாக்கும் என்று இவர்களும் விசாரிக்காமல் விட்டுவிடுவார்கள்.

மேல்தளத்தில் திவலை என்று ஒருத்தி இருந்தாள். ஊர் சுற்றுவதில் ஆசை உள்ளவள். ஒரு கார்த்திகையில் அவள் கைகளை விட்டுவிட்டு வெயிலோடு மேலே போனாள். மேகத்தில் ஏறி மலைக்கு மறுபக்கம் பார்த்துவிட்டு, கணவன் தூவானிடம் சொன்ன நாளுக்குள் திரும்ப முடியாமல், தை பிறக்கும் நேரத்தில் ஒரு தூறலோடு சுனையில் வந்து விழுந்தாள். அந்த வேளையில் உறையாமல் மிச்சம் இருக்கும் நீர்க்குடியினர்கூட அரைத் தூக்கத்தில்தான் கிடப்பார்கள்; யாரும் விழித்துப் பார்த்ததே இல்லை. அவள்தான் முதலில் பார்த்தாள்.

சுனை முழுவதும் இறுகிக் கிடந்தது. நட்டநடுவில் மட்டும் ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. சுனையின் அத்தனை மீன்களும் அந்த ஒரு சாணுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கரையில் கொக்குகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அவசரமே இல்லை. வரியாள் என்ற கெண்டை மீன் திவலைக்குப் பழக்கமானவள். அவளிடம், நீ ஏன் இன்னும் ஊருக்குப் போகவில்லை என்று திவலை கேட்டாள்.

"எந்த ஊருக்கு?" என்றாள் வரியாள்.

அதற்குமேல் பேச நேரம் இருக்கவில்லை. வாடை திவலையிடமும் சூட்டை எடுத்துக்கொண்டாள். திவலையின் கைகள் அவளைக் கேட்காமலே பக்கத்துத் தோளை இறுக்கின. கண் செருகியது.

மாசியில் விழித்ததும் அவள் தூவானிடம் சொன்னாள். தூவான் அதைக் கனவு என்றான். நாத்தனார் சாரல், மேகத்தில் ரொம்ப நாள் இருந்தால் இப்படித்தான் புத்தி கலங்கும் என்றாள். கடைசியில் திவலை கரைப்பாறைக்குப் போனாள். அங்கே பாறை இடுக்கில் அலவன் என்ற நண்டு தனியாகக் குடியிருந்தான். குளிர்காலத்தை இடுக்குக்குள் ஒடுங்கியே கழிப்பவன். அவள் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டான். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றான்.

திவலைக்கு அதன் பிறகு நிம்மதியாகத் தோள் மாற்ற முடியவில்லை. ஆடி வந்தது. ஓடை ஏறி சேலி என்ற கெண்டை மீன் வந்தாள். நல்ல வாயாடி. வந்த ஒரு மாதத்தில் பாசிக்கு நடுவில் முட்டையிட்டு நாற்பது குஞ்சு பொரித்தாள். அவற்றில் துள்ளி என்ற ஒருத்திக்கு எதையும் நேரில் போய்ப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. கொக்கின் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போய் வால் நுனியை இழந்து வந்தவள் அவள்.

இந்தக் குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்று திவலை ஐப்பசிவரை தள்ளிப்போட்டாள். சொன்னதும் சேலி நேராக ஓடை வாய்க்குப் போய்ப் பார்த்தாள். திரும்பிப் போகலாம் என்றால் ஓடை அதற்குள் வற்றிக் கூழாங்கல்லாகக் கிடந்தது. அலவன் மட்டும், தன் இடுக்கில் இரண்டு பேருக்கு இடம் உண்டு என்று சொல்லி அனுப்பினான். நாற்பதில் எந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது என்று சேலி திருப்பிக் கேட்கவும், அவன் உள்ளே போய்விட்டான்.

சுனையின் ஆழத்தில் மடுவன் என்ற நாட்டாமை இருந்தார். திவலை அவரிடம் போய் முறையிட்டாள். அவர் ஊரைக் கூட்டினார். கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இந்த வருடம் யாரும் யாரையும் பிடிக்காமல் இருந்துவிடலாம் என்றான் ஒருவன். பிடிக்காமல் இருந்தால் காற்று நம்மை ஒவ்வொருவராக ஊதிக்கொண்டு போய்விடும், சுனையே மிஞ்சாது என்றார் மடுவன். அது உண்மைதான். வாடையை வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம் என்றாள் ஒருத்தி. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் மடுவன், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்வது நம் பிறவிக் குணம், மீனுக்காக அதை மாற்ற முடியாது என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். அவர் இரக்கம் இல்லாதவர் இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

மார்கழி ஏழாம் நாள் விடியும் நேரத்தில் வாடை வந்தாள். சுனையின்மேல் குனிந்து, எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டே சூட்டை எடுக்கத் தொடங்கினாள். மேல்தளத்தில் திவலை, தூவான், சாரல், பக்கத்து வீட்டார் மூன்று பேர் என ஆறு பேர் வட்டமாகச் சேர்ந்தார்கள். தோள்களைப் பிடித்தார்கள். கைகள் மடங்கத் தொடங்கின. அப்போது திவலையின் வயிற்றில் ஏதோ வழவழப்பாக இடித்தது.

துள்ளிதான். வாடை எப்படி இருப்பாள் என்று பார்க்கக் காலையிலேயே மேலே வந்திருக்கிறாள். அதற்குள் ஆறு பேரும் அவளைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அவள் வாலை அடித்துப் பார்த்தாள். வழி இல்லை. வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. யாரும் வேண்டுமென்று நெருக்கவில்லை. குளிர் அவர்கள் முழங்கைகளைத் தானாக மடக்கியது.

கையை விட்டால் துள்ளி தப்பிப்பாள். ஆனால் விட்டவரைக் காற்று கொண்டு போய்விடும். திவலைக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவள் தூவானின் தோளையும் சாரலின் தோளையும் விடவில்லை. பிடித்த பிடியிலேயே முழங்கைகளை நிமிர்த்தி, முழுப் பலத்தோடு இருவரையும் அப்பால் தள்ளினாள்.

"விடாதீங்க. மடக்கவும் மடக்காதீங்க. கையை நீட்டுங்க, நடுவுல பிள்ளை இருக்கு."

தூவான் நீட்டினான். அவனைப் பார்த்து மற்ற நால்வரும் நீட்டினார்கள். ஆறு பேருக்கு நடுவில் ஒரு வெற்றிடம் திறந்தது. துள்ளி அதன் வழியாகக் கீழே நழுவினாள். அங்கே பதறிக்கொண்டிருந்த சேலி அவளை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்துக்குப் போனாள். வாய் நிறைய மகள் இருந்ததால் அவளால் திட்டவும் முடியவில்லை.

திவலை மூச்சு விட்டாள். கைகள் விறைத்துப் போயிருந்தன. நடுவில் இருந்த வெற்றிடத்தில் வாடை நுழைந்து நுழைந்து வெளியே வந்தாள். வயிற்றுப்புறம் எல்லாம் சில்லிட்டது.

"அவதான் போயிட்டாளே அண்ணி," என்றாள் சாரல். "இனிமே மடக்கலாம்ல? ரொம்பக் குளிருது."

மடக்கத்தான் திவலையும் நினைத்தாள். அதற்கு முன் வழக்கம்போல் கீழே பார்த்தாள். எப்போதும் இந்த நேரத்தில் பாசிக்காடு பக்கத்தில் வந்திருக்கும், இருட்டு சூழ்ந்திருக்கும். இன்று பாசி எங்கோ ஆழத்தில் பச்சையாகத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு நேரே விடிகாலை வானம் இருந்தது.

"சாரல், நாம இறங்கவே இல்லை," என்றாள் திவலை.

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். ஆறு பேர் அடைத்துக்கொண்ட இடம் பெரிது. கனம் மட்டும் அதே ஆறு பேருடைய கனம். அதனால் சுனை அவர்களைத் தன் மேலேயே தாங்கிக்கொண்டிருந்தது. மடக்கினால் மூழ்குவோம் என்பது திவலைக்குப் புரிந்தது. நீட்டியபடி நின்றால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. இதுவரை யாரும் நின்று பார்த்ததில்லை.

தூவான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மேலேயே நின்றால் நாற்பது நாளும் வாடை நம் முதுகின்மேல்தான் நிற்பாள், தெரிந்துதான் சொல்கிறாயா என்று மட்டும் கேட்டான். அவளுக்கு வரியாளின் முகம் நினைவுக்கு வந்தது.

"தெரியும். எனக்கு இந்த வருஷம் தூங்க வேண்டாம்," என்றாள். "உங்களால முடியலைன்னா சொல்லுங்க. வேற யாரையாவது கூப்பிடறேன்."

அப்படிச் சொன்ன பிறகு யார் போவார்கள். ஐந்து பேரும் நின்றார்கள். சாரல் முணுமுணுத்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் இந்த ஆறு பேருடைய தோளைப் பிடித்தார்கள். பிடிக்க வந்தவர்களிடம் கையை நீட்டச் சொன்னாள் திவலை. அவர்கள் தங்கள் பக்கத்து ஆட்களிடம் சொன்னார்கள். ஒரு வட்டத்தின் ஓரத்தில் அடுத்த வட்டம், அதன் ஓரத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆறு பேர், நடுவில் ஒரு வெற்றிடம். உச்சி வெயில் ஏறுவதற்குள் சுனையின் கரை முதல் கரை வரை மேலே ஒரு வெள்ளைக் கூரை விரிந்துவிட்டது.

கீழே மடுவன், மேல்தளத்து ஆட்கள் இறங்கி வந்து தன்மேல் படுப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. மாலைவரை பார்த்துவிட்டு, கோபமாக மேலே வந்து கூரையை அடியிலிருந்து தட்டினார். ஊர் முறைமையைக் கெடுத்துவிட்டாய் என்று திவலையைத் திட்டத் தொடங்கினார். திட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். மார்கழியில் தான் விழித்திருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குளிர் இருந்தது, ஆனால் உறைய வைக்கும் குளிர் இல்லை. வாடையின் கை கூரையைத் தாண்டி வரவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களின் கைகள் தோள் மாற்றிக்கொண்டுதான் இருந்தன. பிறந்த நாளிலிருந்து அவர் மார்கழியைப் பார்த்ததே இல்லை. கூரை வழியாக வெளிச்சம் பால் போல இறங்கியது. பாசிக்கு நடுவே சேலி தன் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதும் சரியாக இருந்ததால், சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

மடுவன் அவள் எண்ணி முடிக்கும்வரை பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்து, கை வலிக்கிறதா அம்மா என்று கேட்டார்.

வாடைக்கு இது பிடிக்கவில்லை. கூரையின்மேல் நின்று காலால் தட்டினாள்.

"என்னடியம்மா இது? வந்தவளை வாசல்லயே நிறுத்திட்டீங்க."

"உங்களுக்கு வேண்டிய சூட்டை எங்ககிட்ட எடுத்துக்கங்க அத்தை," என்றாள் திவலை. "கீழே சின்னப் பிள்ளைங்க இருக்காங்க."

வாடை எடுத்தாள். எடுக்க எடுக்கக் கூரைக்கு அடியில் இருந்தவர்களுக்கும் நடுக்கம் பிடித்தது. அவர்களும் மேலே இருப்பவர்களைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு கூரையோடு சேர்ந்துகொண்டார்கள். கூரை ஒரு சாண் தடித்தது. பிறகு ஒரு முழம் ஆனது. அது தடிக்கத் தடிக்க வாடையின் கை உள்ளே எட்டவில்லை. பத்து நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய்க் கூரையின்மேல் உட்காரப் போனாள். உட்கார்ந்தவள் சறுக்கிக்கொண்டு மறுகரைவரை போய்விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, இந்த முறை வேண்டுமென்றே உட்கார்ந்து, இந்தக் கரைக்குச் சறுக்கி வந்தாள். அந்த மார்கழியில் அவள் வழக்கத்தைவிட நான்கு நாள் கூடுதலாகத் தங்கினாள்.

எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. அலவனின் பாறை இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கே இருந்த நீர்க்குடியினருக்கும் சேதி எட்டியது. அவர்களும் ஊரோடு ஒத்துக் கையை நீட்டினார்கள். இடுக்கு குறுகியது, நீட்ட இடம் போதவில்லை. ஆனாலும் அவர்கள் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் படீரென்று ஒரு சத்தம் கேட்டது. பாறை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்து, அலவன் திறந்த வெளியில் உட்கார்ந்திருந்தான். அவன் நேராகக் கூரையின்மேல் நடந்து வந்தான். பத்துக் காலும் பத்துப் பக்கம் சறுக்கின. தன் தாத்தா காலத்து வீடு போய்விட்டது என்று திவலையிடம் புகார் சொன்னான். திவலை கையை நீட்டியபடியே மன்னிப்புக் கேட்டாள். கூரையின் விளிம்பில் ஒரு விரிசல் இருப்பதையும், அதன் வழியாகக் கீழே போனால் இந்த வருடம் சேறு உறையாமல் இருப்பதையும் சொன்னாள். அலவன் போய்ப் பார்த்தான். அதன்பின் மேலே வரவில்லை. சேற்றில் வளை தோண்டிக் குடியேறி, இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று சேலியிடம் சொன்னானாம்.

தை மூன்றாம் வாரத்தில் வாடை கிளம்பினாள். வெயில் வந்து கூரையின்மேல் உட்கார்ந்து, இனி மடக்கலாம் என்றது. ஆனால் திவலைக்குக் கை மடங்கவில்லை. நாற்பத்து நான்கு நாள் நீட்டியிருந்த கை. மாசி பிறக்கும்வரை வெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கொடுத்தது. முதலில் விரல் அசைந்தது. பிறகு முழங்கை வளைந்தது. அவள் தூவானின் தோளை விட்டு, அடுத்தவர் தோளைப் பிடித்தாள். வட்டம் கலைந்தது. ஆறு பேரும் மெதுவாகக் கீழே இறங்கினார்கள். இறங்கும் வழியெல்லாம் மீன்கள் இருந்தன. மாசி மாதத்தில் மீன்களை நீர்க்குடியினர் பார்ப்பது அதுதான் முதல் முறை. துள்ளி இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தாள். திவலையைச் சுற்றிச் சுற்றி வந்து, வாடை எப்படி இருந்தாள், மூக்கு எப்படி இருந்தது, பல் உண்டா என்று கேட்டுத் துளைத்துவிட்டாள். சாரல்தான் அதற்கெல்லாம் பதில் சொன்னாள். தன்னால்தான் எல்லாம் நடந்தது என்பது போலக் கொஞ்சம் கூட்டியும் சொன்னாள். திவலை தடுக்கவில்லை. அவளுக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

மடுவன் மறுபடி ஊரைக் கூட்டி, இனிக் குளிர்ந்தால் கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். அதற்குள் பெருஞ்சுனைக்கு வெளியேயும் சேதி பரவியிருந்தது. பரப்பியவள் வாடைதான். போன இடமெல்லாம், ஆறு, ஏரி, கடல் என்று பார்க்காமல், இப்படிப் பிடித்துக்கொண்டு என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்று குறை சொன்னாள். எப்படிப் பிடித்தார்கள் என்று அங்கங்கே இருந்த நீர்க்குடியினர் விவரமாகக் கேட்டுக்கொண்டார்கள். அவளும் கையை நீட்டிக் காட்டினாள். எண்ணெய்க் குடியினரிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் சோம்பேறிகள். கேட்டுவிட்டுப் பழையபடி நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டார்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாதி உறைந்த நேரத்தில் பாட்டிலைப் பாருங்கள். கட்டி அடியில்தான் கிடக்கும்.

தண்ணீர் அப்படி இல்லை. பனித்துகளை யாராவது உற்றுப் பார்த்தால் ஆறு முனை தெரியும். வாய்வரை நிறைத்து இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால், காலையில் அது அலவனின் பாறை போல வெடித்துக் கிடக்கும். எங்கெல்லாம் குளிர் ஏரியை மூடுகிறதோ, அங்கெல்லாம் மேலே ஆட்கள் நடந்து போகிறார்கள். காலுக்குக் கீழே மீன்கள் தங்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கின்றன. பெருஞ்சுனையில் ஆறு பேர் கையை மடக்காமல் நின்ற அந்த மார்கழியிலிருந்துதான், பனிக்கட்டி தண்ணீரின்மேல் மிதக்கிறது.